அமெரிக்கக் கூட்டு வரிக்கணக்கில் கணவர் செய்த பிழை: வேலூரிலிருந்தபடியே நிவாரணம் கேட்பது எப்படி

சத்துவாச்சாரியில் உள்ள என் வரி ஆலோசனை அலுவலகத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள், அங்கே பணிபுரிபவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் அமெரிக்காவில் இருந்தவர். மணவாழ்க்கை முறிந்து, இப்போது காட்பாடி காந்தி நகரில் பெற்றோருடன் வசிக்கிறார். அந்நாட்டு வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பிய உறையை, "மாப்பிள்ளை சமாசாரம் நமக்கெதற்கு என்று பூஜை அலமாரியிலேயே வைத்துவிட்டோம், சார்" என்று சொல்லித் தாயார் என்னிடம் நீட்டினார். நான்கு மாதம் பிரிக்கப்படாமல் இருந்த அந்தக் கடிதத்தில், கணவர் பங்கு விற்ற வருமானத்தைக் காட்டாமல் விட்டதற்கான வரியும் வட்டியும் அபராதமும் இருவர் பெயரிலும் கணக்கிடப்பட்டிருந்தன.

நம் நாட்டில் கணவனும் மனைவியும் தத்தம் பான் எண்ணில் தனித்தனியே கணக்குத் தாக்கல் செய்வதால், இது எப்படி மகள் தலையில் விழும் என்பது பெற்றோருக்குப் புரியவில்லை. அமெரிக்காவில் தம்பதியர் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டால், முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் வசூலிக்க அரசுக்கு உரிமை உண்டு. கடனைக் கணவரே கட்ட வேண்டும் என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது ஐ.ஆர்.எஸ்ஸைக் கட்டுப்படுத்தாது. பிழையை அறியாமல் கையெழுத்திட்டவருக்காக அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தில் 6015ஆம் பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டது. ஆனால் நிவாரணம் தானாக வராது. படிவம் 8857 வழியாக நாமே கேட்டாக வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது, வந்த கடிதங்களையெல்லாம் தேதி வாரியாக அடுக்குவது. நிவாரணம் மூன்று வகை. அவற்றில் முதல் இரண்டுக்கு, உங்கள் மீது முதல் வசூல் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்டைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வதும், சொத்தையோ சம்பளத்தையோ பறிமுதல் செய்யப்போவதாக, அதை எதிர்த்து விசாரணை கேட்கும் உரிமையையும் சொல்லி அறிவிப்பு அனுப்புவதும் வசூல் நடவடிக்கைகள். வரி குறைவாகக் காட்டப்பட்டுள்ளது என்ற அறிவிப்போ, வெறும் கேட்புக் கடிதமோ அந்தக் கணக்கில் சேராது. ஐ.ஆர்.எஸ். தனக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கே கடிதம் அனுப்பும் என்பதால், படிவம் 8822 அனுப்பி வேலூர் முகவரியைப் பதிவு செய்யுங்கள். படிவம் 4506-டி அனுப்பி அந்தந்த ஆண்டின் கணக்கு விவரச் சுருக்கத்தைக் கட்டணமின்றிப் பெறலாம். என்ன வருமானம் விடுபட்டது, எப்போது எது நடந்தது என்பதை அறிய அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

அடுத்து, எந்த வகை நிவாரணம் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். முதலாவதில், பிழை கணவருடையதாக இருக்க வேண்டும். கையெழுத்திடும்போது அது உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்துகொள்ளக் காரணமும் இருந்திருக்கக் கூடாது. இரண்டாவது, விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்தவர், கணவரை இழந்தவர், அல்லது விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதமும் ஒரே குடும்பமாக வாழாதவர் ஆகியோருக்கு வரியைப் பங்கு பிரித்துக் கொடுப்பது. இங்கே உண்மையில் தெரிந்திருந்ததா என்பதே கேள்வி. அவர் வேலைக்காக அங்கே, இவர் பிள்ளைப்பேற்றுக்காக இங்கே என்பது பிரிவாகாது. உறவு முறிந்திருக்க வேண்டும். மூன்றாவது நியாய அடிப்படையிலானது. கணக்கு சரியாகவே காட்டப்பட்டு, பணம் மட்டும் கட்டப்படாமல் போனதற்கும் அது பொருந்தும். அரசு வசூலிக்கும் காலம், பொதுவாக வரி விதித்து 10 ஆண்டு வரை, அதைக் கேட்கலாம். மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒரே படிவத்தை வைத்து எது பொருந்தும் என்று அவர்களே பார்ப்பார்கள்.

இந்த நிவாரணம் கணவரின் பிழைக்கே. வேலூர் வங்கியில் உங்கள் பெயரில் இருந்த வைப்புநிதி வட்டியைக் கூட்டுக் கணக்கில் காட்டாமல் விட்டிருந்தால், அது உங்கள் பொறுப்பாகவே நிற்கும். மாறாக, கையெழுத்தே உங்களுடையது இல்லை என்றாலோ மிரட்டி வாங்கப்பட்டது என்றாலோ, அதைப் படிவத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். அப்படியானால் அது கூட்டுக் கணக்கே இல்லை என்று வாதிட இடமுண்டு.

என் அனுபவத்தில் விண்ணப்பங்கள் வலுவிழப்பது "எனக்கு எதுவும் தெரியாது" என்று ஒரே வரியில் எழுதுவதால்தான். அந்தப் பெண்ணிடம் கையெழுத்திட்ட இரவு என்ன நடந்தது என்று கேட்டேன். மின்வழித் தாக்கலுக்கான ஐந்து இலக்க எண்ணைக் கணவர் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டார் என்றும், தான் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னதாகவும், கணக்கின் ஒரு பக்கத்தையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அதை அப்படியே எழுதச் சொன்னேன். பங்கு வணிகக் கணக்கு யார் பெயரில் இருந்தது, அறிக்கைகள் எந்த மின்னஞ்சலுக்கு வந்தன, வீட்டுச் செலவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கப்பட்டது, அந்த ஆண்டில் திடீர் நகையோ காரோ வாங்கப்பட்டதா என்பதையெல்லாம் சேர்த்தோம். படிக்காமல் கையெழுத்திட்டது மட்டும் காப்பாற்றாது என்பதால், தெரிந்துகொள்ள ஏன் வழியில்லை என்று காட்டுவதே முக்கியம். கடவுச்சீட்டில் உள்ள வருகை முத்திரைப் பக்கம், வாடகை ஒப்பந்தம், குடும்ப நல நீதிமன்ற ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவை பிரிவை நிறுவும்.

படிவத்தை வருடாந்தரக் கணக்கோடு சேர்க்காமல் தனியாக அனுப்ப வேண்டும். தொலைநகலில் அனுப்பினால் அனுப்பியதற்கான தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஐ.ஆர்.எஸ். கணவருக்குத் தகவல் கொடுத்தே தீரும். வன்முறை இருந்திருந்தாலும் இதற்கு விலக்கில்லை. ஆனால் உங்கள் முகவரி, தொலைபேசி எண், பணியிடம் ஆகியவற்றை வெளியிட மாட்டார்கள். கொடுமைக்கு ஆளாகியிருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அஞ்சிக் கையெழுத்திட்டவரின் நிலையைத் தனியாகவே மதிப்பிடுகிறார்கள். விசாரணை நடக்கும்வரை உங்கள் மீதான வசூல் பொதுவாக நிறுத்தி வைக்கப்படும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

முதல் முடிவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு கேட்கலாம். இறுதி முடிவு அஞ்சலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் இணையவழியாகவே மனு போடலாம். கட்டணம் 60 டாலர், முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு 150 நாள் உண்டு என்று சிலர் சொல்வது வரிக்குறைவு அறிவிப்பை எதிர்ப்பதற்கான காலம். நிவாரணம் மறுக்கப்பட்டதை எதிர்த்துப் போக, வேலூரில் இருந்தாலும் 90 நாள்தான்.