'வெதர்' வந்தால் 'வானிலை' என்று எழுதிவிடாதீர்கள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்த இருவரின் பிரதிகளை அண்மையில் திருத்தினேன். ஆங்கிலத்தில் 'வெதர்' வந்த இடமெல்லாம் இருவருமே 'வானிலை' என்று போட்டிருந்தார்கள். யாரோ என் பழைய பிரதியை எடுத்து வந்து முன்னால் நீட்டியதுபோல் இருந்தது. அதே ஒலியுள்ள இன்னொரு சொல்லோடு (whether) எழுத்துக் குழம்புவதை இங்கே பேசப்போவதில்லை. அது ஒருமுறை குட்டுப்பட்டால் மறக்காது.

வினைச்சொல்லாக வரும்போது

பெயர்ச்சொல்லாகத் தனித்து நிற்கும்வரை இந்தச் சொல் சாது. வினையாக மாறியதும் இரண்டு நேரெதிர்ப் பொருள்களைச் சுமக்கிறது: சிதைவது ஒன்று, சிதையாமல் தாக்குப்பிடிப்பது இன்னொன்று.

நான் விழுந்தது இங்கேதான். ஒரு பழைய கட்டடத்தின் பராமரிப்பு அறிக்கை. முகப்புக் கற்கள் 'வெதர்டு வெல்' என்று அதில் இருந்தது. இத்தனை காலம் வெயிலிலும் மழையிலும் நின்றும் கற்கள் நன்றாகவே இருக்கின்றன என்பது பொருள். புவியியலில் படித்த 'வானிலைச் சிதைவு' என் தலையில் உட்கார்ந்திருந்ததால், 'முகப்புக் கற்கள் நன்கு சிதைந்துள்ளன' என்று எழுதினேன். நன்கு சிதைவதா என்று ஒரு கணம் பேனா நின்றது. கெடு நெருங்கியிருந்தது, கடந்துவிட்டேன். அறிக்கை அச்சாகி, முகப்பை இடித்துக் கட்டலாமா என்று உரிமையாளர்கள் கூடிப் பேசும்வரை போனது. யாரோ மூலத்தைப் புரட்டியதால் கட்டடம் பிழைத்தது. மறு அச்சுச் செலவை என் ஊதியத்தில் கழித்தார்கள். அதைக்கூட மறந்துவிட்டேன், பேனா நின்றும் நான் நிற்கவில்லையே என்ற எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை.

எழுவாயையும் செயப்படுபொருளையும் பாருங்கள். புயல், நெருக்கடி, கடன்சுமை போன்ற ஒன்று செயப்படுபொருளாக வந்தால் 'தாங்கி மீண்டது', 'சமாளித்துக் கடந்தது' என்று எழுதலாம். செயப்படுபொருள் இல்லாமல் பாறையோ மரமோ எழுவாயாக நின்றால் பெரும்பாலும் சிதைவு அல்லது நிறம் மங்குதல். அப்போதும் பக்கத்தில் 'வெல்' ஒட்டிக்கொண்டிருந்தால் தாக்குப்பிடிக்கும் பொருளுக்குத் திரும்ப வேண்டும். முகத்துக்கு அடைமொழியாக வந்தால், வெயிலும் காற்றும் பட்டு வரியோடிய முகம். 'சிதைந்த முகம்' என்று எழுதிக் கதாநாயகனை விபத்தில் சிக்கவைத்த பிரதியையும் நான் திருத்தியிருக்கிறேன்.

மாலுமிகளின் பேச்சில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கப்பல் ஒரு நிலமுனையைக் காற்று வரும் பக்கமாகப் பத்திரமாகக் கடந்து போவதையும் இதே வினையால் சொல்வார்கள். கப்பலின் 'வெதர் சைடு' என்பது காற்று மோதும் பக்கம்.

இரண்டு பொருளையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் 'வெதரிங் ஸ்டீல்' இருக்கிறது. செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்த எஃகு அது. மேற்பரப்பு துருப்பிடிக்கும், அந்தத் துருவே இறுகிப் படலமாகி, உள்ளே இருக்கும் எஃகை வேகமாக அரிக்கவிடாமல் காக்கும். ஈரோ சாரினென் வடிவமைத்து 1964இல் திறக்கப்பட்ட, டிராக்டர் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகம் இந்த எஃகால் ஆனது. இதைத் 'துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதினால் வாசகர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நினைத்துக்கொள்வார்.

சிதைவும் அரிப்பும்

பாறை நின்ற இடத்திலேயே உடைந்தால் சிதைவு ('வெதரிங்'). உடைந்ததை நீரோ காற்றோ பனியாறோ வாரிக்கொண்டு போனால் அரிப்பு ('ஈரோஷன்').

வானிலையும் காலநிலையும்

இன்று மாலை மழை வருமா என்பது வானிலை. காலநிலை நீண்ட காலச் சராசரி. உலக வானிலை அமைப்பு அதற்கு 30 ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கிறது. இப்போது நடப்பில் உள்ளது 1991–2020. ஒரு வாரக் குளிரைக் 'காலநிலை' என்று எழுதாதீர்கள்.

'அண்டர் தி வெதர்'

உடம்பு சரியில்லை. அவ்வளவுதான்.

'ஹெவி வெதர்'

கடலில் இது கொந்தளிப்பான வானிலைதான். ஆனால் ஒருவர் ஒரு வேலையை 'ஹெவி வெதர்' ஆக்கினார் என்றால், எளிதாக முடிய வேண்டியதை மலையாக்கிக்கொண்டு திணறினார் என்று பொருள். 'கடும் வானிலையை உருவாக்கினார்' என்று எழுதினால் அவர் வருண பகவான் ஆகிவிடுவார்.

'ஃபேர் வெதர் ஃபிரெண்ட்'

குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவையை நம் பாட்டிகளே சொல்லி வைத்திருக்கும்போது, 'நல்ல வானிலை நண்பன்' எதற்கு?