ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை

'ஓ ரோமியோ, ரோமியோ! வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ?' ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில், மாடத்தில் நின்று ஜூலியட் சொல்லும் இந்த வரியை 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். அவள் கேட்பது அதுவல்ல. வேர்ஃபோர் என்றால் 'ஏன்', 'எதற்காக'. பகையாளியான மான்டகியூ வீட்டுப் பிள்ளையாக நீ ஏன் இருக்கிறாய் என்ற தவிப்பு அது. கீழே தோட்டத்தில் அவன் நிற்பதே அவளுக்குத் தெரியாது.

பழைய சொல்லின் ஒரு பாதி தெரிந்த முகமாக இருந்தால், அதை வைத்தே முழுச் சொல்லையும் ஊகித்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். 'வேர்' (where) என்ற ஆங்கிலச் சொல் தனியாக நின்றால் 'எங்கே'. ஆனால் வேர்பை (எதனால்), வேர்இன் (எதில்) போன்ற கூட்டுச்சொற்களில் அது 'எது' என்ற பொருளைத் தருகிறது. அதோடு 'ஃபோர்' சேர்ந்தால் 'எதற்காக'. இதன் ஜோடி தேர்ஃபோர், அதாவது 'ஆகவே'. அதில் யாரும் 'அங்கே'யைத் தேடுவதில்லையே! 'ஏன், எதற்கு என்ற காரணங்கள்' எனப் பொருள்படும் 'வைஸ் அண்ட் வேர்ஃபோர்ஸ்' (whys and wherefores) என்ற தொடரில் இந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது, ஒரு வரியோடு நின்றுவிடுவது. 'உன் தந்தையை மறு, உன் பெயரைத் துற' என்கிறாள் ஜூலியட் அடுத்த வரியிலேயே. அதையும் படித்தால் 'எங்கே' என்ற பொருள் அங்கே பொருந்தவே பொருந்தாது.

சரி, 'ஏன்' என்று தெரிந்தாயிற்று. எல்லா இடத்திலும் அதையே போடலாமா? கூடாது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், தண்ணீரில் அமிழப்போன பேதுருவிடம் இயேசு கேட்கும்போது வேர்ஃபோர் என்று வருகிறது. தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'ஏன் சந்தேகப்பட்டாய்' என்றிருக்கும். ஆனால் அதே ஆங்கில பைபிளில் வேறு பல இடங்களில் அந்தச் சொல்லுக்கு 'ஆகையால்' என்றே பொருள். கோர்ட் மனுக்களின் முடிவில் இன்றும் வரும் வேர்ஃபோரும் 'ஆகவே'தான். கேள்வியா, முடிவா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

'தௌ' என்பதையும் பைபிளிலும் ஜெபங்களிலும் கேட்டுக் கேட்டு, அது மரியாதைச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நம் 'நீ'. பெரியவர்களுக்கும் அந்நியருக்கும் 'யூ' சொன்ன காலத்தில், நெருங்கியவர்களிடமும் சிறியவர்களிடமும் பேசிய சொல். ஜூலியட்டும் ரோமியோவை உரிமையோடு 'நீ' என்றுதான் அழைக்கிறாள்.