இசட்-இண்டெக்ஸுக்கு இன்னொரு ஒம்போது போடறதுக்கு முன்னாடி

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க பக்கத்து எஸ்டேட் கோயிலுக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்தேன், காசு வாங்கல, திருவிழா முடிஞ்சதும் ஒரு வேட்டி கெடச்சுச்சு, அதோட சரி. பேஜ் எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, மெனு மட்டும் மூணு நாளு உயிர வாங்கிடுச்சு. தலைவர் ராத்திரி பத்து மணிக்கு போன் போடறாரு, "தம்பி, திருவிழாவ அமுக்குனா ஒன்னும் வரமாட்டேங்குதேப்பா". "வருது அண்ணே, கீழ இருக்கற கோபுரப் படத்துக்குப் பின்னாடி வருது"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "பின்னாடி வந்தா எப்படிப்பா பாக்கறது?"

நானும் எல்லாரும் பண்றதத்தான் பண்ணேன். டிராப்டவுனுக்கு, அதான் அமுக்குனா கீழ விரியற பட்டியலுக்கு, சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்த எழுதற ஃபைலு) இசட்-இண்டெக்ஸ் 10 போட்டேன், எது முன்னாடி நிக்கணும்னு சொல்ற நம்பர் அது, அசையல. 999 போட்டேன், அப்புறம் 99999. ஒம்போது கூடக் கூட அது முன்னாடி வந்துரும்னு ஒரு நெனப்பு. தப்பு எங்க இருந்துச்சுன்னா மெனுல இல்ல, மெனுவ சுத்தி இருக்கற மேல்பட்டைல, ஹெடர்ல. ஹெடர் லேசா கண்ணாடி மாதிரி தெரியட்டும்னு ஒப்பாசிட்டி 0.98 வச்சிருந்தேன், நானே வச்சதுதான், மறந்துட்டேன். ஒப்பாசிட்டி 1க்கு கீழ போனா அந்தப் பெட்டி தனக்குன்னு ஒரு அடுக்கு போட்டுக்கும், ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட்னு சொல்வாங்க, டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர் போட்டாலும் இதே கததான். அதுக்கப்புறம் உள்ள இருக்கற நம்பரெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள மட்டுந்தான் செல்லும். பழைய எஸ்டேட்ட நெனச்சுக்குங்க, மேட்டுல துரை பங்களா, பள்ளத்துல தொழிலாளிங்க இருக்கற லயம். லயத்துக்குள்ள நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறி நின்னாலும் பங்களா வாசப்படி எட்டாது, லயத்தையே மேட்டுக்கு ஏத்தணும். கோபுரப் படத்துக்கு இசட்-இண்டெக்ஸ் 1 இருந்துச்சு, ஹெடருக்கு பொசிஷன் ரிலேட்டிவ், இசட்-இண்டெக்ஸ் 10 குடுத்தேன், வேல முடிஞ்சுச்சு. ஒப்பாசிட்டியயும் எடுத்துட்டு பின்னணி கலர மட்டும் ஆர்ஜிபிஏல (கலரோட அது எவ்வளவு லேசா தெரியணும்னும் சொல்ற முறை) லேசாக்கிட்டேன், எழுத்தும் மங்காம நின்னுச்சு. இன்னொன்னு, பொசிஷன் எதுவும் குடுக்காத சாதாரண பெட்டிக்கு இசட்-இண்டெக்ஸ் வேலையே செய்யாது, பெட்டிங்கள வரிசையா, கட்டமா அடுக்கற ஃபிளெக்ஸ், கிரிட்டுக்கு நேரா உள்ள இருக்கறதுக்கு மட்டும் விதிவிலக்கு.

சுத்தி வெளிய இருக்கற பெட்டியப் பாக்காம விடறதுதான் மெனு வேலைல பாதித் தலவலிக்குக் காரணம். டிராப்டவுன் பாதில கத்தரிச்ச மாதிரி நிக்குதா, வெளிய ஏதோ ஒரு பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் இருக்கும், நீட்டிக்கிட்டு நிக்கறத மறைக்கறது அது. மெனுவ ஸ்டிக்கி (மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கறது) ஆக்கியும் ஸ்க்ரோல் பண்ணா ஓடிப் போயிடுதா, அதே ஓவர்ஃப்ளோ ஹிட்டனா இருக்கலாம், இல்லன்னா டாப் 0 போட மறந்திருப்பீங்க. போன்ல பக்கவாட்டுல ஆடுதுன்னு யாரோ ஒரு ராப்பருக்கு, அதான் எல்லாத்தையும் சுத்தி இருக்கற பெட்டிக்கு, ஹிட்டன் போட்டு வச்சிருப்பாங்க, அங்க ஓவர்ஃப்ளோ-எக்ஸ் கிளிப் போட்டுப் பாருங்க, ஸ்டிக்கி கெடாது. ஆனா எது அகலமா நீட்டிக்கிட்டு இருக்குன்னு தேடிப் பிடிக்கறதுதான் ஒழுங்கான வைத்தியம், பாதி நேரம் விட்த் 100 பர்சென்ட் போட்டு அதுக்கு மேல பேடிங்கும் (உள்பக்க இடைவெளி) குடுத்து வச்ச ஏதோ ஒரு பெட்டியாத்தான் இருக்கும், பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் போட்டா அடங்கிடும்.

கலர் மாற மாட்டேங்குதுன்னு இம்பார்ட்டன்ட் (மத்த வரிங்கள மிஞ்சறதுக்குப் போடற சொல்லு) போடறது அடுத்த வியாதி. ரெடிமேட் தீம்ல மெனுவுக்கு ஐடி (அந்த ஒன்னுக்கே உரிய பேரு) வச்சு கலர் எழுதியிருப்பான், நீங்க கிளாஸ் (பலதுக்கும் பொதுவான பேரு) வச்சு எழுதுவீங்க. பத்து கிளாஸ் அடுக்கினாலும் ஒரு ஐடிய ஜெயிக்க முடியாது, கணக்கு அப்படி. உடனே இம்பார்ட்டன்ட், அத மாத்த இன்னொரு இம்பார்ட்டன்ட், ஆறு மாசம் கழிச்சு ஃபைலத் தொறந்தா நீங்க எழுதுனது உங்களுக்கே புரியாது. அதுக்குப் பதிலா மெனு மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போங்க. உங்க வரி குறுக்க கோடு அடிச்சு நிக்குதா, அப்ப வேற எதோ ஜெயிச்சிருக்கு, எதுன்னு அங்கயே தெரியும். உங்க வரி அங்க இல்லவே இல்லன்னா செலக்டர், அதான் எதுக்கு இந்த வரின்னு குறிக்கற பேரு, தப்பு, இல்ல மேல எங்கயோ ஒரு அடைப்புக்குறி மூடாம கீழ இருக்கறதையும் சேத்து முழுங்கிடுச்சு. செமிகோலன் விட்டாலும் அப்படித்தான், அந்த வரியோட அடுத்த வரியும் செத்துடும்.

தமிழ் மெனுவுக்குன்னே ஒரு தப்பு இருக்கு. இங்கிலீஷ்ல ஹோம், அபவுட், ஈவென்ட்ஸ்னு வச்சு அளவெடுத்துட்டு அப்புறம் நிர்வாகக் குழு, நிகழ்ச்சி நிரல்னு மாத்துவோம், 90 பிக்சல் அகலத்துக்குள்ள அது எங்க அடங்கும், ரெண்டு வரியா ஒடஞ்சு கீழ தொங்கும். எங்க சைட்ல மலாயும் இருக்கு, அதுக்கு ஒரு அளவு. அகலம், உயரம் ரெண்டையும் நம்பர் போட்டுக் கட்டாதீங்க, பேடிங் குடுத்துட்டு எழுத்து தன் அளவுக்கு விரியட்டும், எடம் பத்தலன்னா அடுத்த வரிக்கு எறங்கற மாதிரி ஃபிளெக்ஸ்-ராப்பும் போட்டு வைங்க. லைன்-ஹைட் 1 வச்சு ஓவர்ஃப்ளோவையும் மறைச்சா கீ, டீ மேல இருக்கற சுழி வெட்டுப்படும், 1.5 கிட்ட வச்சா நிம்மதி.

மௌஸ் கீழ எறங்கறதுக்குள்ள டிராப்டவுன் மூடிக்குதா, நடுவுல மார்ஜின் (வெளிப்பக்க இடைவெளி) விட்டிருப்பீங்க, அந்த எடத்துல மௌஸ் எதையும் தொடல, அதான். மார்ஜின எடுத்துட்டு டிராப்டவுனுக்கே பேடிங்-டாப் குடுங்க. போன்ல ஹோவர (மௌஸ் மேல வந்தா தொறக்கறது) நம்பவே நம்பாதீங்க, கோயிலுக்கு வர்ற பாட்டிங்க எல்லாம் போன்லதான் பாக்கறாங்க, அமுக்கித் தொறக்கற மாதிரி பட்டன் வைங்க, பெருசா வைங்க. போன்ல முழு சைட்டும் எறும்பு மாதிரி தெரிஞ்சா வியூபோர்ட் மெட்டா டேக் விட்டுப் போயிருக்கும், அது இல்லன்னா போன் பக்கத்த 980 பிக்சல் கிட்ட அகலம்னு வச்சுக்கிட்டு சுருக்கிடும்.

எல்லாம் சரி பண்ணிட்டு காலைல மாமாக் கடைல பசியாறிக்கிட்டு இருக்கேன், மறுபடியும் தலைவர், "தம்பி, அப்படியேதான் இருக்கு". அவர் போன்ல பழைய ஸ்டைல் ஃபைலு கேஷ்ல, அதான் போன் முன்னாடி எடுத்துச் சேத்து வச்ச எடத்துல, உக்காந்திருக்கு. நம்ம கம்ப்யூட்டர்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அடிச்சா போதும், அவர் கிட்டப் போய் அத எப்படி சொல்றது, அதனால ஸ்டைல்ஷீட் லிங்க் கடைசில கேள்விக்குறி போட்டு வி சமம் 2ன்னு எழுதிட்டேன், ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் நம்பர ஏத்தணும். இப்ப 14ல நிக்குது.