முதலில் மேட்டை வரையுங்கள், ஆறுகள் தானே பிரியும்

இந்திய ஆறுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. வரைந்து பார்த்த பிறகுதான் எனக்கு மனதில் நின்றது.

தேவை: மலைகள் நிறத்தில் தெரியும் இயற்கையமைப்பு வரைபடம், டிரேசிங் பேப்பர், பென்சில், சில நிறப் பென்சில்கள், அழிப்பான். கைபேசி வரைபடம் வேண்டாம். முழு நாட்டின் மேடுபள்ளத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும்.

படி 1: கன்னியாகுமரிப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டிலேயே வடக்கே கோடு இழுங்கள். இதுதான் நீர்பிரிமேடு. கிழக்கே விழும் மழை வங்கக்கடலுக்கு, மேற்கே விழுவது அரபிக்கடலுக்கு. கோதாவரி அரபிக்கடலிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தள்ளித்தான் பிறக்கிறது. ஆனாலும் பீடபூமி கிழக்கே சாய்ந்திருப்பதால் 1,465 கி.மீ. ஓடி வங்கக்கடலைச் சேர்கிறது.

படி 2: நான் மாட்டிக்கொண்ட இடம் இது. கோட்டை நேராக குஜராத் வரை இழுத்துவிட்டேன். தபதியும் நர்மதையும் அதை வெட்டிக்கொண்டு போயின. நீர்பிரிமேட்டை எந்த ஆறும் தாண்டாது. தாண்டினால் கோடுதான் தவறு.

சரியான வழி: நாசிக்குக்கு வடக்கே கிழக்காகத் திரும்பி, அஜந்தா குன்றுகள், சாத்பூரா, மைக்கால் மலை வழியாக, நர்மதை பிறக்கும் அமர்கண்டக் வரை போங்கள். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவு போலத் திரும்பி, விந்தியமலை மேல் மேற்கே வந்து, மாளவப் பீடபூமி கடந்து ஆரவல்லிக்கு ஏறுங்கள். இந்த வளைவுக்குள் இருப்பது நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்தாக்கு. அதனால்தான் நர்மதை மேற்கே ஓடுகிறது. அமர்கண்டக் பக்கமே பிறக்கும் சோன், வடக்கே போய் கங்கையில் சேர்கிறது. இந்த வளைவை இரண்டு முறையாவது அழித்து வரையுங்கள், அப்போதுதான் கைக்குப் பழகும்.

படி 3: ஆறுகளை அளவுப்படி பிரியுங்கள். வடிநிலப் பரப்பு, அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் மொத்த நிலம், 20,000 சதுர கி.மீ.க்கு மேல் என்றால் பெரியது, 2,000 முதல் 20,000 வரை நடுத்தரம், அதற்குக் கீழே சிறியது. காவிரி 81,155, பெரியது. வைகை நடுத்தரம்.

படி 4: இமயத்து ஆறுகளுக்குத் தனி நிறம். பனியும் மழையும் ஊட்டுவதால் அவை வற்றுவதில்லை. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் இமயத்தைவிட மூத்தவை. மலை உயர உயர அறுத்துக்கொண்டே ஓடியதால்தான் அவ்வளவு ஆழமான இடுக்குகள்.

பின்சேர்க்கை: பாலக்காட்டுக் கணவாயில் முகடே இல்லையே, கோடு எங்கே போகும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மாநில எல்லையை நம்பாதீர்கள். தமிழ்நாட்டு ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு மேற்கே போய் பாரதப்புழையில் சேர்கிறது. நொய்யல் கிழக்கே வந்து காவிரியில் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவே, பொள்ளாச்சிப் பக்கமாக, கோட்டைத் தமிழ்நாட்டுக்குள் தள்ளி வரையுங்கள்.

இன்னொருவர் லூனியைக் கேட்டார். ஆரவல்லியில் அஜ்மீர் அருகே பிறந்து, கடலைத் தொடாமல் கட்ச் சதுப்பிலேயே முடிந்துவிடும் ஆறு அது. வங்கக்கடல், அரபிக்கடல் ஆறுகளுடன் சேர்க்காமல், உள்நாட்டு வடிகாலுக்கென்று வேறு நிறப் பென்சில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.