சுடோக்குவுக்குப் பேனை வேண்டாம், பென்சில் எடுங்கள்

எனக்குக் கணக்கு வராது என்று சுடோக்குப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்களா? இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. இலக்கங்களுக்குப் பதில் ஒன்பது வகை வாவி மீனை வரைந்தாலும் விளையாட்டு அதேதான். 81 கட்டம், சிலவற்றில் இலக்கம் தந்திருப்பார்கள், மிச்சத்தை நாம் நிரப்ப வேண்டும். குறுக்காகப் போகும் ஒவ்வொரு நிரையிலும், மேலிருந்து கீழாகப் போகும் ஒவ்வொரு நிரலிலும், மூன்றுக்கு மூன்றான ஒவ்வொரு சிறு பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வரும்.

முதலில் எந்த இலக்கம் அதிகம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 7 ஐந்து இடத்தில் இருந்தால் அந்த நிரைகளையும் நிரல்களையும் கண்ணாலேயே வெட்டிக்கொண்டு வாருங்கள், 7 இல்லாத ஏதாவது பெட்டியில் அனேகமாக ஒரே கட்டம் மிஞ்சும். அப்புறம் வெற்றுக் கட்டங்களின் மூலையில் வரக்கூடியவற்றைச் சின்னதாக எழுதுங்கள். ஒரு நிரையில் இரண்டு கட்டங்களுக்கு 2, 5 மட்டுமே பொருந்துமென்றால், எது எங்கே என்று தெரியாவிட்டாலும் அந்த நிரையின் மற்றக் கட்டங்களில் அவ்விரண்டையும் அழித்துவிடலாம். இது எனக்குப் பிடிபட ஒரு மாதம் போனது, பிடிபட்ட அன்று வந்த சந்தோஷம் வேறு.

ஊகித்து மட்டும் எழுதாதீர்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகையில் ஒருமுறை பேனையால் ஊகித்து நிரப்பி, பொலன்னறுவை தாண்டும்போது ஒரே நிரலில் இரண்டு 4 நின்றது. மிச்சப் பயணம் முழுக்க ஜன்னல்தான்.

தந்த இலக்கம் குறைவென்றால் கடினம் என்று பயப்படவும் வேண்டாம், இரண்டுக்கும் பெரிய சம்பந்தமில்லை. சிக்கிக்கொண்டால் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து, வேறு பெட்டியிலிருந்து தொடங்குங்கள்.