வெயிலில் கழன்று விழுந்த டாஷ் கேமரா

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கராஜ் இல்லை. கார் பகல் முழுக்க ரோட்டோர வெயிலில்தான் நிற்கும். முன் கண்ணாடியில் மாட்டி ரோட்டைப் படம் பிடிக்கும் டாஷ் கேமராவோடு வந்த சக்‌ஷன் கப் (கண்ணாடியை உறிஞ்சிப் பிடிக்கும் மென்மையான கிண்ணம்) ஒவ்வொரு மத்தியானமும் கழன்று டாஷ்போர்டில் கிடக்கும். சூட்டில் கப் இளகிவிடும், உள்ளே மிஞ்சிய காற்றும் விரியும். பிறகு எங்கே பிடிப்பது? ஈரம் தொட்டு ஒட்டச் சொல்லுவார்கள். அது அன்றைய பொழுதுக்கு மட்டும்தான்.

கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில், கேமராவை மாட்டுவதற்கான, இரட்டைப் பக்க நுரை டேப் ஒட்டிய தளம் ஒன்று வாங்கினேன். டேப்பை விட இடம்தான் முக்கியம். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், பயணி பக்கமாக, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மழையில் வீடியோ முழுக்கத் தண்ணீர்க் கோடுதான். முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலுள்ள கறுப்புப் புள்ளிகள் மேல் ஒட்டக் கூடாது. அந்த இடம் சொரசொரப்பு, டேப் முழுதாகப் படியாது.

காலையில், கண்ணாடி சூடேறுமுன், ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, தளத்தை மட்டும் ஒட்டிப் பெருவிரலால் நன்றாக அழுத்தினேன். கேமராவை மாட்டியது மூன்று நாள் கழித்து. இந்தப் பசைக்கு முழுப் பிடிப்பு வர ஏறக்குறைய 72 மணித்தியாலம் வேண்டும். வயரைக் கூரை ஓரத்து இடுக்கில் செருகி இறக்கினேன். பக்கத் தூணில் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் முன்னால் போகக் கூடாது, பின்பக்கமாகத்தான் போக வேண்டும். இதில் சந்தேகமென்றால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

பிறகு கழற்ற வேண்டுமென்றால், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை டேப்புக்குள் விட்டு அறுத்தால் போதும்.