காற்றில் தூக்கும் ஆனிங்: பக்கத்து வண்டிக்காரர் ஓடிவந்து பிடிக்கலாமா?

ஸ்காட்லாந்தின் வடகரையில், டர்னஸ் பக்கம், கடலைப் பார்த்த புல்வெளி ஒன்றில் மோட்டார்ஹோமை, அதாவது தங்கிச் சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டியை, நிறுத்தியிருந்தோம். மாலை ஆறு மணி வரை புல்கூட அசையவில்லை. வண்டியின் பக்கத்தில் விரியும் துணிப் பந்தலான ஆனிங்கை முழுசாக விரித்து அடியில் மேசை போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. அவசரத்தில் நான் மேலே கட்டியிருந்த பட்டையை முதலில் அவிழ்த்தேன், அப்புறம் கால்களின் முளைகளைப் பிடுங்கினேன், பிறகு அதைச் சுருட்டும் கைப்பிடியை எடுக்க வண்டிக்குள் போனேன். அந்த அரை நிமிடத்தில் ஒரு வீச்சு வந்தது. பக்கத்து வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து முன்சட்டத்தை நடுவில் பிடித்தார். சட்டம் அவரையும் இழுத்துக்கொண்டு மேலே போனது, தொங்கிக்கொண்டிருந்த கால் ஒன்று வீசி அவர் தாடையில் அடித்தது. நான்கு தையல்.

நல்ல மனதோடு வந்த மனிதர். எதைப் பிடிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான், அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல்தடவை மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள், வாடகைக்கு எடுக்கிறவர்கள், பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

முதலில், நாம் எதோடு மல்லுக்கட்டுகிறோம்

ஆனிங் என்பது வண்டியின் பக்கச் சுவரில், கூரையை ஒட்டி ஒரு நீளப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருக்கும் துணிப் பந்தல். ஃபியாமா, தூலே என்று ஐரோப்பிய வண்டிகளில் அதிகம் பார்க்கும் வகை எல்லாமே அடிப்படையில் ஒன்றுதான். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் உருளை சுழன்று துணி வெளியே வரும். துணியின் வெளி ஓரத்தில் ஒரு அலுமினிய முன்சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்துக்குள்தான் இரண்டு கால்களும் மடங்கிக் கிடக்கும். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே, நம் முழங்கை மாதிரி மடங்கும் இரண்டு கைகள் உண்டு, அவற்றுக்குள் ஸ்பிரிங் இருப்பதால் எப்போதும் சட்டத்தை வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். இதை மனதில் வையுங்கள்: காற்று இல்லாவிட்டாலும் அதற்குள் ஒரு விசை இருக்கிறது.

இப்போது காற்றுக்கு வருவோம். நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் என்றால் பத்துச் சதுர மீட்டர் துணி. மணிக்கு 20 மைல் காற்று அதில் நேராக மோதினால் ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமமான விசை. 40 மைல் என்றால் 100 கிலோ என்று நினைப்போம், அங்கேதான் தப்பு நடக்கிறது, ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், அதாவது 200 கிலோ. காற்று வரும் கோணத்தைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனாலும் ஆளுக்கு 80 கிலோ எடையுள்ள இரண்டு பேர் சட்டத்தில் தொங்கினாலும் அவர்களையும் சேர்த்துத் தூக்கும் கணக்கு இது. பத்து லிட்டர் தண்ணீர் கேனைக் காலில் கட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது பத்துக் கிலோ, அவ்வளவுதான்.

காற்று திறந்த பக்கத்திலிருந்து வந்தால்தான் மிகவும் மோசம். உள்ளே நுழைந்த காற்று வண்டியின் சுவரில் முட்டி, வேறு வழியில்லாமல் துணியை மேலே தள்ளும். வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தால் மறைவு கிடைக்கும்தான், ஆனால் கூரையைத் தாண்டிச் சுழலும் காற்று துணியை மேலே உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். எனவே வண்டி மறைக்கிறது என்று முழுசாக நம்ப வேண்டாம்.

விரிப்பதற்கு முன்

வானிலைச் செயலியில் காற்றுக்கு இரண்டு எண் இருக்கும். ஒன்று நின்று வீசும் வேகம், இன்னொன்று திடீர் வீச்சின் வேகம். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸ் இரண்டையும் தனித்தனியாகவே காட்டுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. நான் வைத்திருக்கும் வரம்பு இது: வீச்சு 20 மைலைத் தாண்டும் என்றால் விரிப்பதில்லை. உங்கள் ஆனிங்கோடு வந்த கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் சிக்னல் இல்லாத இடங்களில் கண்ணையே நம்ப வேண்டியதுதான். 1805-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட் கப்பல்களுக்காக வகுத்த காற்று அளவை பின்னாளில் நிலத்துக்கும் பொருந்துமாறு விரித்திருக்கிறார்கள், அது இங்கே நன்றாக உதவும். தூசியும் காகிதமும் எழும்பி, சின்னக் கிளைகள் ஆடினால் அது அந்த அளவையில் 4, மணிக்கு 13 முதல் 18 மைல். இலையோடு இருக்கும் சிறு மரங்கள் முழுசாக ஆட ஆரம்பித்தால் 5, அப்போது சுருட்டத் தொடங்கிவிடுங்கள். குடை பிடிக்கவே கஷ்டம் என்றால் 6, 25 மைலுக்கு மேல். அந்த நேரம் ஆனிங் பெட்டிக்குள் இருக்க வேண்டும். மரமே இல்லாத கடலோரத்தில் பக்கத்து வண்டிகளின் கொடியையும் புல்லையும் பாருங்கள்.

விரிக்கும்போது

1. முடிந்தால் ஆனிங் இருக்கும் பக்கம் காற்றுக்கு மறுபுறம் வருமாறு வண்டியை நிறுத்துங்கள்.

2. கைப்பிடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே வந்ததும் நிறுத்தி, சட்டத்துக்குள்ளிருந்து கால்களை இறக்குங்கள். பிறகுதான் மீதியை விரிக்க வேண்டும். கால் இறக்காமல் முழுசாக விரித்தால் மொத்தப் பாரமும் மடக்குக் கைகளின் தலையில்.

3. காற்று சந்தேகமாக இருந்தால் முழுசாக விரிக்காதீர்கள். பாதி விரித்தால் நிழலும் பாதி, விசையும் பாதி.

4. இரண்டு கால்களின் பாதத்திலும் முளை அடியுங்கள். அப்புறம் பட்டை. இது தனியாக வாங்க வேண்டிய பொருள், கூடவே ஸ்பிரிங்கும் வரும். சட்டத்துக்கு மேலாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போட்டு, இரண்டு பக்கமும் சாய்வாக இழுத்து நீள முளையில் கட்ட வேண்டும். வீச்சு வரும்போது ஸ்பிரிங் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால் முளை பிடுங்கிக்கொள்ளாது. மணலில் சாதாரண முளை நிற்காது, நீளமும் அகலமுமான முளை வேண்டும், சரளைத் தரையில் திருகு முளை.

5. துணி தளர்ந்து படபடத்தால் கைப்பிடியை உள்பக்கமாக ஒரு சுற்று சுற்றி இறுக்குங்கள். படபடக்கும் துணிதான் முதலில் கிழியும்.

மழைக்கு ஒரு காலைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். தூங்கப் போகும்போதும் வண்டியை விட்டு வெளியே போகும்போதும் சுருட்டிவிடுங்கள், வானம் எப்படி இருந்தாலும் சரி.

காற்றில் சுருட்டுவது

மூன்று பேர் இருந்தால் நல்லது, இரண்டு பேர் கட்டாயம். மூன்று பேர் என்றால் ஒருவர் கைப்பிடி, மற்ற இருவர் ஆளுக்கு ஒரு கால். இரண்டே பேர் என்றால் காற்று வரும் பக்கத்துக் காலில் ஒருவர்.

முதலில் அடியில் இருப்பதை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். அடுப்பை அணையுங்கள். குழந்தைகளும் நாயும் வண்டிக்குள் போகட்டும். பக்கத் தடுப்புத் துணிகள் மாட்டியிருந்தால் அவற்றைக் கழற்றுங்கள், அவைதான் பாய்மரக் கப்பலின் பாய் மாதிரி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து, ஆட்கள் கால்களைப் பிடித்த பிறகே எதையும் அவிழ்க்க வேண்டும். நான் அன்றைக்குத் தலைகீழாகச் செய்தது இதைத்தான். கைப்பிடி கையில் தயாராக, ஆட்கள் இடத்தில் தயாராக, அப்புறம்தான் முளை. பட்டை மேலே இருக்கும்போதே கால்களை ஒவ்வொன்றாகத் தாழ்த்துங்கள், காற்று வரும் பக்கத்துக் காலை முதலில். சட்டம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகக் காற்று அடியில் புகும். நடுவில் துணியைத் தாங்கும் கம்பு வைத்திருந்தால் இப்போது எடுத்துவிடுங்கள்.

பட்டைதான் கடைசி. வீச்சுகளுக்கு நடுவே காற்று கொஞ்சம் மூச்சு வாங்கும், அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து பட்டையை அவிழ்த்து உடனே சுற்றத் தொடங்குங்கள். கால்காரர்கள் சட்டத்தைக் கீழ்நோக்கி அழுத்தியபடியே வண்டியை நோக்கி நடக்க வேண்டும். ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, கால்களை ஒவ்வொன்றாகச் சட்டத்துக்குள் மடக்கி, மீதியைச் சுற்றி மூடுங்கள். இரண்டு முனையும் பெட்டியோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு முனை விலகி இருந்தாலும் சாலையில் போகும்போது காற்று அதைத் திறந்துவிடும். துணி ஈரமாக இருந்தாலும் இப்போதைக்குச் சுருட்டுங்கள், நாளைக்கு வெயிலில் விரித்துக் காயவைக்கலாம், விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பாதி சுருட்டும்போது வீச்சு வந்தால்? சுற்றுகிறவர் நிறுத்த வேண்டும், பிடித்தவர்கள் முழங்காலை மடக்கிக் கீழே இழுத்து நிற்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் விட்டுவிட வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். ஒருவர் மட்டும் விட்டால் மொத்தப் பாரமும் மற்றவர் மீது வரும். எனவே தொடங்கும் முன்பே “விடு” என்று ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், யார் கத்தினாலும் எல்லோரும் விட்டு விலக வேண்டும்.

சரி, வேடிக்கை பார்க்கிறவர் உதவலாமா?

உதவலாம், உதவ வேண்டும் என்றுதான் சொல்வேன். தனியாக ஒருவர் காற்றில் ஆனிங்கோடு போராடும்போது தள்ளி நின்று பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஓடிப்போய்ப் பிடிப்பது உதவி ஆகாது. நடந்து போய், அவர் கண்ணில் படும்படி நின்று, “எதைப் பிடிக்கட்டும்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரை எதையும் தொடாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் தள்ளிப் போய்விடுங்கள், ஒருவேளை அவர் இடைவெளிக்குக் காத்திருக்கலாம், நீங்கள் தொட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

சேர்ந்துகொண்டால் உங்களுக்கு ஒரே ஒரு வேலை, பிடிப்பது. சுற்றுவது வண்டிக்காரர் வேலை. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எங்கே இறுகும் என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டளையும் அவருடையதே, அவரைவிட உங்களுக்கு அனுபவம் அதிகமாக இருந்தாலும். இரண்டு பேர் இரண்டு விதமாகக் கத்தினால் நடுவில் நிற்பவருக்குத்தான் அடி விழும்.

நிற்கும் இடம் முக்கியம். காலுக்கு வெளிப்பக்கமாக, பக்கவாட்டில் நில்லுங்கள். சட்டத்துக்கு நேர் அடியிலும் முன்னாலும் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மடக்குக் கையின் மூட்டில் விரல் வைக்காதீர்கள், அது கத்தரிக்கோல் மாதிரி மூடும். துணியைப் பிடிப்பதால் பயனில்லை. பட்டையையோ கயிற்றையோ கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விட நினைக்கும்போது விட முடியாது. முதுகுவலிக்காரர், கர்ப்பிணி, பதின்வயதுப் பிள்ளைகள் இதில் இறங்க வேண்டாம். அவர்கள் பக்கத்து நாற்காலிகளை எடுத்து வைத்தாலும், முகாமைப் பார்த்துக்கொள்ளும் வார்டனைக் கூப்பிட்டு வந்தாலும் அதுவும் பெரிய உதவிதான்.

வண்டிக்காரர் இல்லை, ஆனிங் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது என்றால் முதலில் கதவைத் தட்டுங்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு முகாம் அலுவலகம், வார்டன். கால் இன்னும் தரையில் நிற்கிறது, முளை மட்டும் தளர்ந்திருக்கிறது என்றால் அதை அடித்து இறுக்கலாம், உங்கள் பட்டை இருந்தால் அதை மேலே போட்டுக் கட்டலாம். அடுத்தவர் ஆனிங்கைச் சுருட்ட முயலாதீர்கள். பழகாத கையில் பாதியில் சிக்கிக்கொண்டால் முன்னைவிட மோசமான நிலையில் நிற்கும்.

கால்கள் தரையை விட்டு எழும்பி, சட்டம் கூரையை நோக்கிப் போகத் தொடங்கிவிட்டதா? அந்தக் கணத்திலிருந்து அது யாருடைய கைக்கும் உரியதில்லை. விலகுங்கள். வண்டியின் மறுபுறத்தில் இருப்பவர்களையும் விலக்குங்கள், ஏனென்றால் அது அங்கேதான் விழும். பிரிட்டனில் முகாம்களில் வண்டிக்கு வண்டி ஆறு மீட்டர் இடைவெளி விடும் வழக்கம் இருந்தாலும் நடுவில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கூரை மேல் ஏறாதீர்கள், கயிறு வீசிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். காற்று தணிந்த பிறகு சட்டத்தை வண்டியோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஆள் வரவழைக்கலாம். ஆனிங்கை மாற்றிக்கொள்ள முடியும்.

அந்த மனிதரைப் பார்க்க மறுநாள் காலை போனேன். தாடையில் கட்டோடு தேநீர் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வண்டியின் கதவுக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. அதில் மூன்றே வரி: என் போன் எண்; ஆனிங் தூக்கினால் பிடிக்க வேண்டாம், கூப்பிடுங்கள்; பட்டையும் முளையும் சுத்தியலும் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பெட்டியில், பூட்டவில்லை.